கம்பியில்லாத ஜன்னல்

அத்தியாயம் 4

மெக்கானிக்கின் மனைவி உட்கார மாட்டேன் என்றாள். உட்கார்ந்தால் அழுகை வந்துவிடும், அழுதால் சொல்ல வந்தது மறந்துவிடும் என்று காரணமும் சொன்னாள். சரி, நின்றே சொல்லட்டும் என்று மேடம் விட்டுவிட்டார்.

மேடம் ஒரு முன்னாள் இன்ஸ்பெக்டர். வேலையை விட்டுவிட்டு, பல் டாக்டர் கிளினிக்குக்கு மேல்மாடியில் துப்பறியும் அலுவலகம் நடத்துகிறார். கீழே பல்லைப் பிடுங்குவார்கள், மேலே உண்மையைப் பிடுங்குவோம் என்பது உதவியாளன் கமாவின் விளம்பர வாசகம். மேடம் அதை போர்டில் எழுத விடவில்லை. கமாவுக்குப் பெற்றவர்கள் வைத்த பேர் வேறு. வாயைத் திறந்தால் முற்றுப்புள்ளி கிடையாது என்பதால் சிநேகிதர்கள் வைத்த பேர் இது. இவன் அவ்வப்போது டிவியிலும் தலைகாட்டுவான். நிஜக் குற்றங்களை நடித்துக் காட்டும் 'அப்படியே நடந்தது' நிகழ்ச்சியில் பிணமாக வருவான். உயிருள்ள வேஷம் கொடுத்தால் பேசியே இழுத்துவிடுவான் என்று டைரக்டருக்குப் பயம்.

மேடத்துக்கும் அந்த நிகழ்ச்சியில் ஒரு சின்ன வேலை உண்டு. போலீஸ் சமாசாரத்தில் சந்தேகம் வந்தால் போன் பண்ணிக் கேட்பார்கள், இவர் சொல்வார். கடைசியில் ஓடும் எழுத்துகளில் 'ஆலோசனை' என்று பேர் வரும். கண்ணைச் சிமிட்டினால் போய்விடும்.

"என் வீட்டுக்காரர் திருடலை மேடம்," என்றாள் அவள்.

"எல்லாப் பொண்டாட்டிகளும் அதான் சொல்வாங்க," என்றான் கமா.

"நிஜமா திருடினவன் பொண்டாட்டி இங்க எதுக்குப் படி ஏறி வரப்போறா? வீட்டுல நகை இருக்கும், வாய மூடிக்கிட்டு இருப்பா."

கமா வாயை மூடிக்கொண்டான். அபூர்வமான காட்சி அது.

விஷயம் இதுதான். ரிட்டயர் ஆகித் தனியாக இருக்கும் ஒரு டீச்சர், ஒரு மதியம் கண் டாக்டரைப் பார்க்கப் போயிருந்தார். திரும்பி வந்து பார்த்தால் வாசல் கதவு பூட்டினது பூட்டினபடி இருக்கிறது, உள்ளே பீரோ உடைந்து கிடக்கிறது, நகையெல்லாம் போச்சு. துப்பு கிடைக்காமல் போலீஸ் விழித்துக்கொண்டிருந்தபோது, போன ஞாயிற்றுக்கிழமை 'அப்படியே நடந்தது' அந்தத் திருட்டை நடித்துக் காட்டியது. பார்க்காதவர் பாவம் செய்தவர் என்கிற அளவுக்குப் பேச்சு. யாரையாவது பிடித்தே ஆகவேண்டும் என்ற நிலை. திருட்டுக்கு முந்தின வாரம் டீச்சர் வீட்டில் வாட்டர் ஃபில்டர் கழுவிவிட்டுப் போன மெக்கானிக்கைப் பிடித்தார்கள். அவன் ஒப்புக்கொள்ளும் வீடியோ நேற்று முதல் எல்லா சேனலிலும் ஓடிக்கொண்டிருந்தது.

அவள் போனை நீட்டினாள். வீங்கின முகம். பாடம் ஒப்பிக்கிற குரல். "டீச்சர் இல்லாத நேரமாப் பாத்து உள்ள போனேன். பீரோவை உடைச்சேன். நகையை எடுத்துக்கிட்டு பெட்ரூம் ஜன்னல் வழியா குதிச்சு ஓடிட்டேன்."

மேடம் அதைத் திரும்பப் போடச் சொன்னார். மறுபடியும் போடச் சொன்னார். டீயில் ஆடை படிந்ததைக்கூட அவர் கவனிக்கவில்லை.

"என்ன மேடம், பிடிச்ச பாட்டு மாதிரி திருப்பித் திருப்பிக் கேக்கறீங்க?" என்றான் கமா.

"நாளைக்குக் கோர்ட்டு," என்றாள் அவள். "இன்னும் சில நாள் ஸ்டேஷன்லயே வெச்சு விசாரிக்கணும்னு கேக்கப் போறாங்களாம். நகை எங்க, நகை எங்கன்னு கேட்டு அடிக்கிறாங்க. இடது காது இப்பவே கேக்கலை. அவர் மோட்டார் ஓடற சத்தத்தை வெச்சுத்தான் மேடம் ரிப்பேரைக் கண்டுபிடிப்பாரு. இன்னொரு காதும் போயிட்டா அவருக்குத் தொழிலே இல்லை."

மேடம் எழுந்து சாவியை எடுத்தார். சொந்தத் தங்கையிடமே அட்வான்ஸ் வாங்கினவர், இன்றைக்கு ஃபீஸ் பற்றி மூச்சே விடவில்லை. இது கமாவுக்கு உறுத்தியது.

* * *

டீச்சர் கதவைத் திறந்ததும் மேடத்தை விட்டுவிட்டு கமாவைத்தான் உற்றுப் பார்த்தார்.

"தம்பி, நீ போன மாசம் கிணத்துல மிதந்த பையன்தானே?"

"ஆமா டீச்சர். நல்லா மிதந்தேனா?"

"மூக்கு ஆடிச்சு."

பெட்ரூமுக்குப் போனார்கள். ஜன்னலைப் பார்த்ததும் கமா விசிலடித்தான். குறுக்கும் நெடுக்குமாக இரும்புக் கம்பி, நாலு பக்கமும் சுவரோடு சேர்த்துப் பூசப்பட்டிருந்தது. வெளியிலிருந்து ஒரு கொடி கம்பிக்குக் கம்பி சுற்றி ஏறி, மேல்மூலையில் பூவே விட்டிருந்தது. கமா கையை நுழைத்துப் பார்த்தான். முழங்கை வரை போனது, அதற்கு மேல் போகமாட்டேன் என்றது.

"மேடம், இந்த வழியா ஓடணும்னா அவரை மாவா அரைச்சு சலிச்சுத்தான் அனுப்பணும்."

"இந்தக் கம்பி எப்ப போட்டது டீச்சர்?" மேடத்தின் குரல் ஒரு மாதிரி இருந்தது.

"வீடு கட்டினப்பவே போட்டது."

"போலீஸ்கிட்ட சொல்லலையா?"

டீச்சர் புடவைத் தலைப்பைத் திருகினார். "சொல்லலாம்னுதான் இருந்தேன். ஞாயித்துக்கிழமை டிவியைப் போட்டா, திருடன் ஜன்னல் வழியா குதிக்கிறான். அத்தனை பேர் சேந்து ஆராய்ச்சி பண்ணிக் காட்டறாங்க, தப்பாவா காட்டுவாங்க? எனக்கே என் ஜன்னல் மேல சந்தேகம் வந்துட்டுது."

"கேட்டுக்குங்க மேடம்! ஜன்னல் இங்க நிக்குது, இவங்க டிவியை நம்பறாங்க," என்றான் கமா.

"அந்த மெக்கானிக்கை நீங்க அடையாளம் காட்டினதாச் சொல்றாங்களே?"

"இன்ஸ்பெக்டர் ஒரு போட்டோவைக் காட்டி, இவனை உங்க வீட்டுல பாத்திருக்கீங்களான்னு கேட்டார். பாத்திருக்கேன்னேன். ஃபில்டர் கழுவ வந்தவனைப் பாக்கலைன்னா சொல்ல முடியும்?" டீச்சரின் குரல் இறங்கியது. "அன்னிக்கு சமையல்கட்டுக் குழாய் சொட்டிக்கிட்டு இருந்துது. நான் கேக்காமலே அதையும் சரிபண்ணிட்டுப் போனான். அதை இன்ஸ்பெக்டர் கேக்கலை. நானும் சொல்லலை. சொல்லியிருக்கணும் இல்ல?"

சொல்லியிருக்கத்தான் வேண்டும். அதை அவர் முகத்துக்கு நேரே சொல்ல கமாவுக்கே மனசு வரவில்லை.

மேடம் வாசலுக்குப் போனார். வெளியே நின்று கதவை இழுத்துச் சாத்தினார். டக். சாவியைத் தொடவே இல்லை, கதவு தானாகப் பூட்டிக்கொண்டது. டீச்சர் உள்ளேயிருந்து திறந்துவிட்டார்.

"கதவு பூட்டியிருந்துச்சு, திருடன் எப்படிப் போனான்னு ஊரே மண்டைய உடைச்சுக்கிச்சு," என்றார் மேடம். "இது சாத்தினாலே பூட்டிக்கிற கதவு. வந்தவன் கதவு வழியா நடந்து போயிருக்கான். போறப்ப ஒழுங்காச் சாத்திட்டுப் போயிருக்கான்."

"நல்லா வளர்ந்த பிள்ளை," என்ற கமா, வாசலுக்கு வெளியே செருப்பு ஸ்டாண்டில் இருந்த பழைய ஷூவைக் கவிழ்த்தான். ஒரு சாவி விழுந்தது. "டீச்சர்! 'நல்வரவு'ன்னு ஒரு போர்டு மட்டும்தான் பாக்கி."

டீச்சர் தலையில் கை வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

மேடம் கதவை இன்னொரு தரம் சாத்தினார். டக். "இவ்வளவுதான். ஒரு தடவை வந்து, கதவைச் சாத்திப் பாத்திருந்தாப் போதும்," என்றார். இன்ஸ்பெக்டரைத் திட்டுகிறார் என்று கமா நினைத்தான்.

"அப்ப திருடன் யாரு மேடம்?"

"அவன் அப்புறம். முதல்ல திருடாதவனை வெளிய கொண்டுவருவோம். டீச்சர், நாளைக்குக் கோர்ட்டுக்கு வருவீங்களா?"

"குழாய் விஷயத்தையும் சொல்லலாமா?" என்று கேட்டார் டீச்சர்.

"அதைத்தான் முதல்ல சொல்லணும்."

* * *

கமாவின் கணக்கு சுலபமானது. இன்ஸ்பெக்டர் டிவியைப் பார்த்திருக்கிறார், அதையே மெக்கானிக் வாயில் திணித்திருக்கிறார். டிவிக்காரர்கள் கையிலிருந்து போட்ட சரக்கு அந்த ஜன்னல் என்று அவர்கள் வாயாலேயே வரவழைத்துவிட்டால் கேஸ் புஸ்வாணம். வழியெல்லாம் இதை விளக்கிக்கொண்டே வந்தான். மேடம் வண்டி ஓட்டுவதில் கவனமாக இருந்தார். தேவைக்கு மேல் கவனமாக இருந்தார்.

ஸ்டூடியோவுக்குள் டீச்சர் வீடு இன்னும் நின்றுகொண்டிருந்தது. எல்லாம் பிளைவுட். பெட்ரூம் ஜன்னலில் திரைச்சீலை உண்டு, கம்பி இல்லை.

"எங்க ஊர் வழக்கம் மேடம்," என்றான் கமா. டிவி உலகத்தைத்தான் அவன் எங்க ஊர் என்பான். "கம்பி போட்டா அதோட நிழல் நடிகர் மூஞ்சில கோடு கோடா விழும், லைட்காரர் கத்துவாரு. அதனால டிவி வீடு எதுலயும் ஜன்னலுக்குக் கம்பி கிடையாது. கதாநாயகி வீட்டுக்கும் கிடையாது, ஜெயிலர் வீட்டுக்கும் கிடையாது. நிஜத்துல எவன் வீட்டுல இப்படித் திறந்து போட்டிருக்கான்?" சொல்லிக்கொண்டே ஜன்னல் வழியாகக் குதித்தான். அந்தப் பக்கம் மெத்தை போட்டிருந்தார்கள்.

டைரக்டர் கையைத் தேய்த்துக்கொண்டே வந்தார். "மேடம்! தெய்வம் மாதிரி வந்தீங்க. ரெண்டாம் பாகம் எடுக்கறோம். ஆள்தான் மாட்டிட்டானே! விளம்பர இடைவேளைக்கு முன்னாடி பளார்னு ஒரு அறை, இடைவேளை முடிஞ்சதும் எல்லாத்தையும் ஒப்புக்கறான். ஒண்ணே ஒண்ணுதான் இடிக்குது. நகையை எங்க ஒளிச்சு வெச்சிருப்பான்? ஒரு நல்ல இடமாச் சொல்லுங்களேன்."

"நான் எதுக்குச் சொல்லணும்?"

"போன தடவையும் நீங்கதானே கை குடுத்தீங்க?"

"எதுக்கு?" என்றான் மெத்தையிலிருந்து எழுந்து வந்த கமா.

"ஜன்னலுக்குத்தான்ப்பா. நீ அன்னிக்கு லீவு. கதவு பூட்டியிருக்கு, திருடனை எப்படி வெளிய அனுப்பறதுன்னு தெரியாம முழிச்சுக்கிட்டு இருந்தோம். மேடத்துக்குப் போன் போட்டேன். சாப்பிட்டுக்கிட்டு இருந்தாங்க. 'கதவு பூட்டியிருந்தா வேற எதுய்யா, ஜன்னல்தான், குதிக்க விடு'ன்னாங்க. ஒரு வாய் முழுங்கறதுக்குள்ள முடிச்சுட்டாங்க. அனுபவம்னா இது அனுபவம்!"

கமா மேடத்தைப் பார்த்தான். மேடம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நகை எங்க மேடம்?" டைரக்டர் விடவில்லை. "சும்மா ஒரு இடம். தண்ணித் தொட்டி சொல்லலாமா?"

"வாயை மூடுய்யா!" என்று மேடம் போட்ட சத்தத்தில் பிளைவுட் வீடே ஆடியது. "இனிமே எனக்குப் போன் பண்ணாதே. என் பேரை எடுத்துடு."

* * *

வண்டியில் ஏறியதும் மேடம் சாவியைத் திருகவில்லை.

"காலைல அந்த வீடியோவைப் பாத்தப்பவே தெரியும் கமா. அவன் வாய்லேருந்து வந்தது என் வார்த்தை."

"அப்புறம் எதுக்கு மேடம் வீடு, செட்டுன்னு அலைஞ்சோம்?"

"வேற யார் தலைலயாவது போட முடியுமான்னு பாத்தேன். டைரக்டர் மறந்திருப்பான், இல்லை வேற எவனாவது சொல்லியிருப்பான்னு நப்பாசை." ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "அதைவிட அசிங்கம் என்ன தெரியுமா? டீச்சர் வீட்டுக்குள்ள போறப்ப, அந்த ஜன்னல்ல கம்பி இருக்கக் கூடாதுன்னு வேண்டிக்கிட்டே போனேன். அவன் நிஜமாவே திருடனா இருந்துட்டா நான் தப்பிச்சேன் பாரு. ஒருத்தி புருஷன் திருடனா இருக்கணும்னு வேண்டிக்கிட்டேன்டா. தூ!"

கமா எதையாவது சொல்லிச் சிரிக்க வைக்கலாமா என்று யோசித்தான்.

"தன் வினை தன்னைச் சுடும்பாங்க. இங்க அடுத்தவன் காதைச் சுட்டிருக்கு," என்றார் மேடம். "அடிச்சு வாக்குமூலம் வாங்கறது பிடிக்காமத்தான் நான் வேலையவே விட்டேன். கையால அடிக்க மாட்டேன்னு வந்தவ, உக்காந்த எடத்துலேருந்து வாயால அடிச்சிருக்கேன்."

"நீங்க சொல்லலைன்னா இது யாருக்கும் தெரியாது மேடம். கம்பியையும் கதவையும் காட்டினாலே போதும், ஆளை வெளிய எடுத்துடலாம்."

"போதாது. இன்ஸ்பெக்டர் டிவியைத்தான் சாட்சியா பிடிச்சுக்கிட்டு நிக்கறாரு. அந்தச் சாட்சி பொய்னு பொய் சொன்னவதான் சொல்லணும்." சாவியைத் திருகினார்.

* * *

ஸ்டேஷன் வாசலில் மெக்கானிக்கின் மனைவி நின்றுகொண்டிருந்தாள். ஓடி வந்தாள். "ஏதாவது கெடச்சுதா மேடம்?"

"கெடச்சுது."

"யாரு மேடம் அது? யாரு அவரை மாட்டிவிட்டது?"

"உள்ள போயிட்டு வந்து சொல்றேன்ம்மா," என்றார் மேடம். அவள் கண்ணைப் பார்க்காமல் சொன்னார்.

இன்ஸ்பெக்டர் எழுந்து மரியாதை கொடுத்தார். மேடம் உட்காராமலே போனில் எடுத்த படத்தை மேஜையில் வைத்தார்.

"ஜன்னல்ல கம்பி இருக்கு சார். ஆள் போக முடியாது."

"ஏட்டு போய்ப் பாத்துட்டு வந்தாரே." இன்ஸ்பெக்டர் திரும்பினார். "யோவ், பாத்தீர் இல்ல?"

மூலையிலிருந்த ஏட்டு தொண்டையைச் செருமினார். "போனேன் சார். அந்தம்மா வீட்டுல இல்லை. சரி, இன்னொரு நாள் வரலாம்னு... அப்புறம்தான் டிவிலயே வீடு பூராவும் காட்டிட்டாங்களே சார்."

கமா சிரித்திருக்க வேண்டிய இடம் இது. மேடத்தின் முகத்தைப் பார்த்துவிட்டு அடக்கிக்கொண்டான்.

இன்ஸ்பெக்டருக்கு முகம் சிவந்தது. "அது எப்படியோ போகட்டும். ஜன்னல்னு நாங்க எடுத்துக் குடுக்கலை மேடம். சத்தியமா அவனே சொன்னான். டிவியில வந்ததும் அதுதான். ரெண்டும் அச்சா பொருந்துது!"

"டிவில எப்படி வந்துச்சுன்னு தெரியுமா?"

"விசாரிச்சு எடுத்திருப்பாங்க."

"என்னை விசாரிச்சாங்க. நான் அந்த வீட்டைக் கண்ணால பாத்தது இல்லை. சாப்பிட்டுக்கிட்டே சொன்னேன்."

இன்ஸ்பெக்டர் குரலைத் தாழ்த்தினார். "மேடம், இது வெளிய தெரிஞ்சா உங்க ஆபீசை இழுத்து மூடணும். எவன் இனிமே உங்களை நம்பி வருவான்?"

"தெரியும். நாளைக்குக் கோர்ட்ல சொல்லப் போறேன். டீச்சரும் வர்றாங்க. நீங்களா முந்திக்கிட்டு அவனை விட்டுட்டா உங்களுக்குக் கொஞ்சம் மானம் மிஞ்சும். அதுவரைக்கும் அவன் மேல ஒரு விரல் படக் கூடாது."

இன்ஸ்பெக்டர் அந்தப் படத்தை நெடுநேரம் பார்த்தார். பிறகு, லாக்கப் பக்கம் போகச் சொல்லிக் கையைக் காட்டினார்.

மெக்கானிக் கம்பிக் கதவுக்குப் பக்கத்தில், வலது காதை வெளிப்பக்கம் திருப்பி உட்கார்ந்திருந்தான். காலடிச் சத்தம் கேட்டதும் சட்டென்று முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டான்.

"நாங்கதான் அண்ணே. உங்க வீட்டுல அனுப்பினாங்க," என்றான் கமா, அந்தக் காதுப் பக்கம் குனிந்து. "ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. ஜன்னல்னு ஏன் சொன்னீங்க?"

"எப்படித் தப்பிச்சேன்னு கேட்டுக் கேட்டு அடிச்சாங்க தம்பி. கதவு வழியான்னேன். எல்லாரும் கதவு வழியாத்தானே போவாங்க? பொய்யா சொல்றேன்னு அடிச்சாங்க. மாடி வழியான்னேன். அதுக்கும் அடிச்சாங்க. அப்பத்தான் ஞாயித்துக்கிழமை வீட்டுல எல்லாரும் உக்காந்து பாத்த அந்த நிகழ்ச்சி ஞாபகம் வந்துச்சு. ஜன்னல்னேன். டப்புனு அடி நின்னுச்சு. டீ வாங்கிக் குடுத்தாங்க."

இவன் முதலில் சொன்ன கதவுதான் திருடன் நிஜமாகப் போன வழி. அதற்கு அடி. மேடம் போட்ட கதைக்கு டீ.

மெக்கானிக் கம்பிக்கு நேராகத் திரும்பி உட்கார்ந்து, மேடத்தைப் பார்த்துக் கும்பிட்டான். "அந்த நிகழ்ச்சியை எடுத்தவங்க நல்லா இருக்கணும்மா. அதை மட்டும் பாக்காம இருந்திருந்தா என் கதி என்ன ஆகியிருக்கும்! நகையை எங்க வெச்சேன்னுதான் காட்டாம விட்டுட்டாங்க. அடுத்த வாரம் காட்டுவாங்களாம்மா?"

மேடம் தரையில் உட்கார்ந்தார். கம்பியைப் பிடித்துக்கொண்டு, எது கிட்டத்தில் இருந்ததோ அந்தக் காதுப் பக்கம் வாயைக் கொண்டுபோனார். "அந்த ஜன்னல் நான் சொன்னதுப்பா. பாக்காம, யோசிக்காம, வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டேன். நீ பட்ட அடிக்கு நானும் காரணம். உன் காது போனதுக்கும் நான்தான். என்னை மன்னிச்சிடு."

அப்பாடா, சொல்லியாகிவிட்டது.

மெக்கானிக் சிரித்த முகமாகத் தலையை ஆட்டினான். "ஆமாம்மா, நல்ல நிகழ்ச்சி. எங்க வீட்டுல விடாம பாப்போம்."

கமா மெதுவாக மேடத்தின் தோளைத் தொட்டான். "மேடம், அது இடது காது. கேக்காது."

ஒரு முறை சொன்னதற்கே மேடத்துக்குப் பாதி உயிர் போயிருந்தது. ஆனாலும் எழுந்தார். முழங்காலில் ஒட்டின மண்ணைக்கூடத் தட்டிவிடாமல், மறுபக்கம் சுற்றி வந்து அவனுடைய வலது காதுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். முதலிலிருந்து ஆரம்பித்தார்.